காப்பி ஆறாத பலகை

மார்லிஸ் தன் கணவன் வெர்லினிடம் சொல்லிவிட்டு வந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். "மத்தியானம் வரும்போது கம்ப்யூட்டரைக் கழட்டி எடுத்துட்டு வந்துடு." இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். வெர்லினைத் தெரியாதவர்களுக்கு, அதாவது.

அவள் சொன்னபடியே எடுத்துக்கொண்டு வந்தான். நோர்பி ஊர் மன்றத்தின் கதவை முதுகால் தள்ளித் திறந்து, இரண்டு போர்வை சுற்றிய அந்தப் பெரிய கம்ப்யூட்டரைத் தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல அணைத்தபடி உள்ளே வந்தான். பூட்ஸிலிருந்து பனி கொட்டியது. கீபோர்டு ஒரு பாக்கெட்டிலும் மவுஸ் ஒரு பாக்கெட்டிலும் துருத்திக்கொண்டிருந்தன.

"முன் சீட்டுல வச்சு பெல்ட் போட்டுக் கொண்டாந்தேன். ஒரு குலுக்கல் கிடையாது" என்றான் பெருமை தாங்காமல்.

காப்பி அண்டாவுக்குப் பக்கத்தில் இனிப்புத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மார்லிஸ் சிரித்த முகத்தோடு வந்து போர்வையைப் பிரித்தாள். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"இன்னொண்ணு எங்க?"

"எந்த இன்னொண்ணு?"

"லேப்டாப், வெர்லின்."

"உனக்கு ஏது லேப்டாப்?"

இந்த இடத்தில் வெர்லினுக்காகவும் கொஞ்சம் பரிந்து பேச வேண்டும். அந்தப் பெரிய கம்ப்யூட்டர் முதலில் அவனுடையது. திரையும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பாக இருக்கும் வகை. நாளாக ஆக அதற்கு மந்தம் தட்டிவிட்டது. ஒரு பக்கம் திறப்பதற்குள் அவன் வெளியே போய்ப் பறவைகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்துவிடுவான். ஆனால் திரை மட்டும் இன்னும் பளிச்சென்று இருந்தது. போன கோடையில் மார்லிஸ் ஒரு சின்ன லேப்டாப் வாங்கினாள். அது படுசுறுசுறுப்பு, ஆனால் திரை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான், அவள் கண்ணுக்குப் பத்தவில்லை. அதனால் இரண்டையும் ஒரு வயரால் சேர்த்துவிட்டாள். பழைய கீபோர்டில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால், பழையது தன் முகத்தை மறைத்துக்கொண்டு லேப்டாப்பில் இருப்பதைக் காட்டும். லேப்டாப் மூடியபடியே பக்கத்து அலமாரியில் கிடக்கும். வேலையெல்லாம் சின்னது செய்யும், பேரெல்லாம் பெரியது வாங்கும். இந்த ஏற்பாட்டை அவள் கணவனிடம் விளக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. முப்பது வருஷக் குடித்தனம் அப்படித்தான் ஓடுகிறது.

"அலமாரியில ஒண்ணு கிடக்குமே, சாம்பல் கலர்ல" என்றாள் மார்லிஸ், குரலை அடக்கிக்கொண்டு.

வெர்லின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அந்தப் பலகையா! அதுல இருந்து வயரைப் பிடுங்கி வச்சுட்டுத்தான் வந்தேன். கரண்டு ஏறினா தாங்குற பெட்டின்னுல்ல நெனச்சேன். எப்பவும் கதகதன்னு இருக்கும். என் காப்பியை அது மேலதான் வைப்பேன். ஆறவே ஆறாது, தெரியுமா?"

லேப்டாப் மூடியில் வட்டவட்டமாக விழுந்திருந்த கறைகளை மார்லிஸ் நினைத்துக்கொண்டாள். ஏதோ உலோகக் கோளாறு என்று குளிர்காலம் முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தாள். கத்தலாம் போல இருந்தது. ஆனால் ஊரே நாற்காலி தேடி உட்கார்ந்துகொண்டிருந்தது.

அந்த லேப்டாப் அவளுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். நோர்பியின் தண்ணீர்த் தொட்டி, உயரக் கால்களில் நிற்பது, பெயின்ட் உரிந்து ஊர்ப் பெயரையே இழந்துவிட்டது. வழிப்போக்கர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊர் ஹெஸ்டாடுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நோர்பிக்காரனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. வரும் கோடையில் புது பெயின்ட் அடிக்கப் போகிறார்கள், என்ன படம் போடுவது என்று இன்று ஊர்கூடி முடிவு செய்கிறார்கள். பெயின்ட் கம்பெனி மினியாபொலிஸிலிருந்து ஒரு வடிவமைப்பாளரை அனுப்புகிறது. ஊரார் யார் வேண்டுமானாலும் படம் கொண்டுவரலாம் என்று அறிவித்தபோது பேர் கொடுத்தது ஒரே ஒரு ஆள், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மார்லிஸ் ட்வைட்.

"சும்மா கிறுக்கினேன்" என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். நோர்பியில் ஆசையை வெளியே காட்டுவது பல் தேய்க்காமல் சர்ச்சுக்குப் போவது மாதிரி. ஆனால் அவள் ஆசைப்பட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆசைப்பட்டாள். தான் வரைந்ததை அவள் இதுவரை யாருக்கும் காட்டியதில்லை, வெர்லினுக்குக்கூட. காலையில் படத்தைக் கடைசியாகச் சேமிக்க லேப்டாப் நேரம் எடுத்துக்கொண்டது. அது முடியட்டும் என்று ஓடவிட்டுவிட்டு, கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷைப் பாத்திரத்தோடு சூடாகத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

"நான் போய் எடுத்துட்டு வரேன்" என்றான் வெர்லின்.

"ஏரியைச் சுத்திப் போய் வர்றதுக்குள்ள கூட்டமே கலைஞ்சிடும்."

அவர்கள் வீடு ஏரிக்கு நேர் எதிர்க்கரை. மன்றத்தின் பெரிய ஜன்னலிலிருந்து பார்த்தால் கூரை தெரியும். நடுவில் வெள்ளை வெளேரென்று உறைந்த ஏரி. அதன்மேல் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கும் குடில்கள், குடில்களுக்கு நடுவே வண்டித் தடங்கள். குளிர்காலம் முழுக்க ஊரே அதன் மேல்தான் வண்டி ஓட்டுகிறது, வெர்லினைத் தவிர.

பேச்சைக் காதில் வாங்கிய ஆர்வில் லுண்டே விடுவானா? ஊர்வம்பு பேசுவதற்கென்றே பிறந்தவன். "யோவ் வெர்லின், ஏரி மேல போனா பத்து நிமிஷம்யா. அய்யய்யோ, மறந்தே போனேன். நீ ஏரிக்கு அடியில போற ஆளாச்சே!"

மன்றம் முழுக்கச் சிரித்தது. ஒரு டிசம்பரில், ஓடை வந்து சேரும் இடத்தில் பனிக்கட்டி பலமாகவில்லை என்று தெரியாமல் வெர்லின் தன் நீல வண்டியை விட்டான். அவன் ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டான், வண்டிதான் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கிவிட்டது. அதன் பின்பக்கம் மட்டும் பனிக்கு மேலே நட்டுக்கொண்டு நின்றதை ஊரே குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து தன் மீன் குடிலுக்குக்கூட அவன் சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு நடந்துதான் போவான்.

வெர்லினும் சிரித்தான். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "வந்துடறேன்" என்று வெளியே போனான். சுற்றித்தான் போவான், மாலையில்தான் வருவான் என்று மார்லிஸ் முடிவு கட்டிவிட்டாள்.

மினியாபொலிஸிலிருந்து வந்த பெண்ணின் பெயர் கோரின் ஹடாட். இளவயசு, நல்ல சிரிப்பு, இந்தக் குளிருக்குக் கொஞ்சமும் உதவாத ஷூ. மார்லிஸுக்கு அவளைப் பிடிக்காமல் போயிருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணோ வந்ததும் ஹாட்டிஷை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மேயர் லவான் ஸ்கோகன் மன்றத்தின் புரொஜெக்டரைப் போட்டாள். அது ஒருமுறை முனகியது. கருகின வாசனை வந்தது. அவ்வளவுதான்.

"செத்துப் போச்சு" என்றாள் லவான், சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு. "போன வருஷமே இருமிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கோரின், உன் லேப்டாப்பைத் தூக்கிக் காட்டேன்மா."

கோரின் தூக்கிக் காட்டினாள். அதுவும் சாப்பாட்டுத் தட்டு அளவுதான். பின்வரிசையிலிருந்து, "அது படமா, தபால் தலையா?" என்று ஒரு குரல் வந்தது. அப்போது லவானின் கண் மேசை மேலிருந்த பெரிய கம்ப்யூட்டர் மேல் விழுந்தது.

"மார்லிஸ், அதுல காட்ட முடியாதா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அது தனிக் கம்ப்யூட்டர், மானிட்டர் இல்லை என்று சொன்னால் நோர்பியில் மறுத்துப் பேச ஆள் கிடையாது. பொய்யும் இல்லை. மார்லிஸ் ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரம் யோசித்தாள். வயர் அதன் முதுகிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, நுனி உடையக் கூடாது என்று வெர்லின் அதற்குப் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தான். அந்தப் பஞ்சைப் பார்த்ததும் அவளால் மறுக்க முடியவில்லை.

"முடியும். கொண்டாம்மா உன்னோடதை" என்றாள்.

இரண்டு லேப்டாப்பும் ஒரே வகை, வயர் கச்சிதமாகப் பொருந்தியது. பெரியது முக்கி முனகி எழுந்து முதலில் தன் சொந்த முகத்தைக் காட்டியது. வெர்லின் ஒரு பெரிய வால்ஐ மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். மீனின் கண் திறந்திருந்தது, வெர்லினின் கண் மூடியிருந்தது. கூட்டம் கைதட்டியது. "இதையே தொட்டியில போட்டுட்டு வீட்டுக்குப் போலாம்பா" என்றான் ஆர்வில்.

மார்லிஸ் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினாள். வெர்லின் மறைந்து, கோரினின் படம் திரை முழுக்க விரிந்தது.

கோரின் அசந்துபோனாள். "அட! இது கம்ப்யூட்டரா, மானிட்டரா?"

"இப்போதைக்கு மானிட்டர். தனியா யோசிக்க விட்டா நேரம் எடுத்துக்கும், சொன்னதைக் காட்டச் சொன்னா நல்லாக் காட்டும். என் வீட்டுக்காரருக்கும் இதே சுபாவம்தான்மா."

கோரினின் படம் அழகாக இருந்தது. அதுதான் கொடுமை. செவ்வந்தி நிறத்தில் சூரியன் மறைகிறது, பைன் மரங்கள் கரேலென்று நிற்கின்றன, தண்ணீரில் ஒரு லூன் பறவை நீந்துகிறது, கீழே நோர்பி என்று வளைந்த எழுத்து. பெரிய திரையில் அந்த வானம் நிஜமாகவே எரிந்தது. "அடேயப்பா" என்று யாரோ மூச்சு விட்டார்கள். என் திரை, என் வயர், நான் துடைத்த கண்ணாடி, அதில் இவள் ஜெயிக்கப் போகிறாள் என்று மார்லிஸ் நினைத்தாள்.

பழைய கீபோர்டு அவள் மடியில்தான் இருந்தது. விரல்கள் தாமாக அந்த இரண்டு பொத்தானுக்கு மேலே போய் நின்றன. ஒரே ஒரு அழுத்து. சூரியன் போய் வால்ஐ மீன் வந்துவிடும். கூட்டம் சிரிக்கும், கோரினுக்குப் பேச்சு தடுமாறும். பழைய மெஷின், அப்படித்தான் செய்யும் என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

விரலை எடுத்துவிட்டாள். எடுத்துக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, அஸ்தமன வானத்துக்குள்ளிருந்து மார்லிஸின் குரலே கணீரென்று கேட்டது: "வெர்லின்! மாத்திரை போட்டாச்சா? பொய் சொல்லாத!"

திரையைக் கடன் கொடுத்தாலும் பழைய கம்ப்யூட்டர் உள்ளுக்குள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? வெர்லினின் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காக அவள் எப்போதோ அதில் பதிந்து வைத்த குரல் அது. மன்றம் இடிந்து விழுவது போலச் சிரித்தது. கோரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த லூன் எங்க ஊர்ல இப்படிப் பேசலீங்க" என்றாள்.

மார்லிஸும் சிரித்தாள். ஆனால் மாத்திரை போட்டிருக்க மாட்டான் என்ற நினைப்பும் கூடவே வந்தது. பார்வை ஜன்னலுக்குப் போனது.

"யாருய்யா அது?" என்றான் ஆர்வில், எழுந்து நின்று.

எதிர்க்கரையிலிருந்து ஒரு வண்டி ஏரியின் மேல் வந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கக் கதவையும் திறந்துபோட்டபடி, நடக்கிறவன்கூட முந்திவிடும் வேகத்தில் வந்தது. பனிக்கட்டியை நம்பாதவர்கள் அப்படித்தான் ஓட்டுவார்கள், உடைந்தால் குதித்துவிடலாம் என்று. மார்ச் தொடக்கத்தில் அந்த ஏரி ஒரு லாரியைத் தாங்கும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அப்படிக் கதவு திறந்துபோட்டு வருகிற ஆள் ஊரில் ஒருவன்தான்.

"வெர்லின்டா!" என்றான் ஆர்வில். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

கோரின் பேச்சை நிறுத்திவிட்டு அவளும் ஜன்னலுக்கு வந்தாள். ஊரே மூக்கைக் கண்ணாடியில் பதித்துக்கொண்டு நின்றது. ஓடை சேரும் இடத்தைத் தாண்டும்போது வண்டி இன்னும் மெதுவானது. லேப்டாப்பாவது ஒன்றாவது, நீ வந்து சேர்டா மனுஷா என்று மார்லிஸ் உள்ளுக்குள் கத்தினாள். வண்டி கரையேறியது. யாரோ கைதட்ட, மன்றமே கைதட்டியது.

வெர்லின் உள்ளே வந்தான். முகம் வெளுத்திருந்தது, மீசையில் பனி. கோட்டின் ஜிப்பை இறக்கி, சட்டைக்குள்ளிருந்து லேப்டாப்பை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இதுக்கு பெல்ட் போடல" என்றான். "முழுகினா இதையும் தூக்கிக்கிட்டு குதிக்கணும்ல? நல்லவேளை, இன்னும் கதகதன்னுதான் இருந்துச்சு. நெஞ்சுக்கு இதமா இருந்தது."

"மாத்திரை?" என்றாள்.

"அட, போட்டேன்."

"பொய் சொல்லாத!" என்றது கூட்டம் மொத்தமும்.

கோரின் தன் லேப்டாப்பிலிருந்து வயரைத் தானே கழற்றி மார்லிஸின் லேப்டாப்பில் சொருகிக் கொடுத்தாள். மார்லிஸ் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் சூரியனும் இல்லை, பைன் மரமும் இல்லை. தொட்டியைச் சுற்றி வெள்ளை ஏரி ஒரு வளையமாக ஓடியது. அதன் மேல் வரிசையாக மீன்பிடிக் குடில்கள். ஏதோ சில குடில்கள் அல்ல, நோர்பியின் குடில்கள். கோணல் புகைக்குழாய் வைத்தது, பழைய பஸ் கதவு பொருத்தியது, மனைவி விரட்டியதால் திரைச்சீலையும் மெத்தையுமாக அமைந்தது என்று ஒவ்வொன்றும் அதனதன் நிறத்தில், அதனதன் சாய்வில் இருந்தன. சின்னத் திரையில் புள்ளிகளாகத்தான் தெரிந்திருக்கும். பெரியதில் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது.

நாற்காலிகள் தரையில் உரசின, எல்லோரும் திரையை மொய்த்துக்கொண்டார்கள்.

"அது எங்களோடது! பாருடி, அந்த ஒட்டுப் போட்ட ஜன்னல்!"

"என்னை எதுக்கு ஆர்விலுக்குப் பக்கத்துல போட்டிருக்க? ஏரியிலதான் தொல்லைன்னா தொட்டியிலயுமா?"

"என் குடில் இவ்வளவு சாய்வாவா இருக்கு?"

"இதைவிடச் சாய்வுய்யா. உன் மானத்தைக் காப்பாத்தியிருக்கா."

மேயர் லவான் மேசையைத் தட்டினாள். "இடத்துக்குச் சண்டை போட ஆரம்பிச்சுட்டீங்க. இதை ஓட்டுன்னு எடுத்துக்கலாமா?"

மார்லிஸுக்குக் காது சூடாகியிருந்தது. அவ்வளவு சந்தோஷம். அப்போதுதான் ஆர்விலின் விரல் குடில் வரிசையின் கடைசியை நோக்கி ஊர்வதைப் பார்த்தாள், பார்த்ததும் அவளுக்கு நினைவு வந்தது.

ஜனவரியில் ஒரு நாள் வெர்லின் மீன் குடலையெல்லாம் பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே விட்டுவிட்டுப் போனான். அந்தக் கோபத்தில் அவள் அவனுடைய குடிலுக்குப் பக்கத்தில் ஒன்றை வரைந்தாள். பனிக்கு மேலே நட்டுக்கொண்டு நிற்கும் நீல வண்டியின் பின்பக்கம். தனியாகச் சிரித்துவிட்டு, காட்டும் முன் அழித்துவிடலாம் என்று வைத்திருந்தாள். காலையில் ஹாட்டிஷ் அவசரத்தில் அழிக்க மறந்துவிட்டாள்.

"யம்மாடி!" என்று ஆர்வில் கூவினான். "வெர்லின் வண்டி! வெர்லின் வண்டி தொட்டியில ஏறிடுச்சு!"

சிரிப்பு வெடித்தது. மார்லிஸ் சிரிக்கவில்லை. இந்தப் படத்துக்காகத்தான் அவன் இப்போது ஏரியைத் தாண்டி வந்திருக்கிறான், அவனுக்குக் காட்ட அவள் வைத்திருந்தது இதுதான்.

பின்னால் காப்பி பிடித்துக்கொண்டிருந்த வெர்லினுக்கு வழி விட்டார்கள். கோப்பையோடு முன்னால் வந்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு மிகக் கிட்டே குனிந்தான். சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

"அழிச்சிடறேன், வெர்லின். ஒரு நிமிஷம். காலையிலயே அழிச்சிருக்கணும்" என்றாள் மார்லிஸ்.

அவன் நிமிரவில்லை. "பம்பர்ல ஒரு நசுங்கல் இருக்கும்" என்றான். "அதை நீ வலது பக்கம் போட்டிருக்க. இடது பக்கம்."

விரலால் திரையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"அதை மாத்து. வண்டியை அழிக்காத. உள்ள போனது போனதுதான், ஊருக்கே தெரியும்." நிமிர்ந்து ஆர்விலைப் பார்த்தான். "ஆனா இன்னிக்கு நான் மேல வழியாவும் வந்தேன். அதையும் போடு. அந்தக் கடைசியில, சின்னதா. விளக்குப் போட்டு, ரெண்டு கதவும் திறந்த மாதிரி."

"போடுறேன்" என்றாள் மார்லிஸ். கண் நிறைந்துவிட்டது. ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று துடைக்காமல் விட்டாள்.

கோரின் தன் படத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்ததுபோல் பெருமூச்சு விட்டாள். "அவ்வளவு உயரத்துல இத்தனை ஆணி வரையச் சொன்னா எங்க ஆளுங்க என்னைத்தான் திட்டுவாங்க" என்றாள். "சொல்லிக்கிறேன். பம்பர் நசுங்கல் இடது பக்கம்னு குறிச்சுக்கிட்டேன்."

"சரி, முறைப்படி" என்றாள் லவான். "மார்லிஸ் படத்துக்கு ஆதரவா இருக்கறவங்க கையைத் தூக்குங்க."

மார்லிஸ் வீட்டில் வைப்பது போலவே லேப்டாப்பை மூடித் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். மன்றம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. வெர்லினுக்கு ஒரு கையில் தொப்பி, மறு கையில் காப்பி. கை தூக்க வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு பழக்கம் போகாமல், கோப்பையை அந்தச் சாம்பல் பலகையின் மேல் வைத்துவிட்டுக் கையை உயரத் தூக்கினான்.

மார்லிஸ் அதைப் பார்த்தாள். கோப்பையை எடுக்காமல் அப்படியே விட்டாள்.